கேட்டிருந்தவள் கண்ட முடிச்சு

துப்பறியும் கதை என்றவுடன் முகத்தைச் சுளித்துக்கொள்ளும் இலக்கிய அன்பர்கள் நம்மிடையே இன்றும் உளர். புகைவண்டிப் பயணத்திலே பொழுது போக்குவதற்கும், மழை விடாத மாலையிலே லயத்துத் திண்ணையில் இருந்து புரட்டுவதற்கும் உரிய பொருள் அது. அதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை என்பது அவர்கள் முடிபு. அம்முடிபோடு வாதாடுவது எம் நோக்கமன்று. ஆயினும், மலையகத் தமிழ் எழுத்தின் தொடக்கத்தை ஆராயப் புகுவோர் வியப்பான செய்தியொன்றை எதிர்கொண்டே ஆகவேண்டும். தோட்டத் தொழிலாளரின் முன்னோடித் தலைவரென நாம் போற்றும் கோ. நடேசய்யர் 1920களில் எழுதிய எழுத்துக்களுள் ஒன்று துப்பறியும் கதையே. 'மூலையில் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறம்' என்பது அதன் பெயர்.

நடேசய்யரைப் பற்றி மலையக வாசகருக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. தஞ்சைச் சீமையிலே பிறந்து இலங்கைக்கு வந்தவர். 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளை நடத்தியவர். முதலிலே சட்ட நிரூபண சபையிலும், பின்னர் 1936 முதல் அட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபையிலும் வீற்றிருந்தவர். துரைமாரின் அதிகாரத்தோடு ஓயாது பொருதிய அத்தகைய ஒருவர் துப்பறியும் கதையிலே என்ன கண்டார்? இவ்வினாவின் பின்னே செல்வோமாயின், இன்று உலகெங்கும் பெருகிவரும் ஒருவகை நாவலை நாம் சென்றடைவோம். குற்றவாளியின் உள்ளத்தைப் படித்தறியும் பெண்ணொருத்தியைத் தலைவியாகக் கொண்ட வரிசை நாவல்களே அவை.

தேநீர்ச்சாலையின் மூலையிலே

நடேசய்யர் இட்ட தலைப்பு, ஆங்கிலக் கதை பயின்றோர் காதில் விழுந்த மாத்திரத்தில் ஓர் அம்மையாரை நினைவூட்டும். ஹங்கேரியிலே 1865இல் பிறந்து, இங்கிலாந்திலே குடியேறி, ஆங்கிலத்தில் எழுதிப் புகழ் பெற்றவர் ஓர்ட்ஸி சீமாட்டி. மாறுவேட வீரனொருவனைப் பற்றிய 'ஸ்கார்லெட் பிம்பர்னல்' என்னும் அவரது நாவலைப் பலரும் அறிவர். அவர் 1909இல் வெளியிட்ட துப்பறியும் கதைத் தொகுதி ஒன்றின் பெயர், நடேசய்யர் இட்ட தலைப்பின் முற்பகுதியோடு ஏறக்குறையச் சொல்லுக்குச் சொல் பொருந்துவது. சீமாட்டியாரும் நடேசய்யரும் 1947ஆம் ஆண்டிலேயே மறைந்தனர் என்பதும் நோக்கத்தக்கது.

சீமாட்டியாரின் தொகுதியிலே கதை நிகழும் இடம் இலண்டன் மாநகரின் தேநீர்ச்சாலை ஒன்று. நம் மலைகளிற் பறித்த கொழுந்து கடல் கடந்து சென்று சேரும் இடங்களுள் அத்தகைய சாலைகளும் அடங்குமன்றோ? அதன் மூலையிலே மெலிந்த கிழவன் ஒருவன் வந்தமர்கிறான். அவன் கையிலே எப்பொழுதும் ஒரு துண்டு நூற்கயிறு. பேசும்பொழுதெல்லாம் அவன் விரல்கள் அக்கயிற்றிலே சிக்கலான முடிச்சுகளைப் போடும், பின் அவிழ்க்கும். பொலிஸார் கைவிட்ட வழக்குகளை அவன் இருந்த இடத்தில் இருந்தே விடுவிக்கிறான். அவனுடைய பேச்சுக்குச் செவிசாய்த்து எதிரே இருப்பவள் பொலி பேர்ட்டன் என்னும் இளம் பெண், பத்திரிகையொன்றிலே பணிபுரிபவள். அவன் சொல்ல, அவள் கேட்கிறாள். கதைக்குக் கதை அவ்வாறே நிகழ்கின்றது. படிப்போரும் அவளை ஒரு செவியாகவே கருதி, கிழவனின் மதிநுட்பத்தில் மயங்கிவிடுகின்றனர்.

தொகுதியின் இறுதிக் கதையிலே நிலைமை தலைகீழாகின்றது. பேர்ஸி வீதியிலே நிகழ்ந்த மர்மச் சாவொன்றைக் கிழவன் விவரிக்கிறான். அதைச் செய்தவனின் திறமையை வாயாரப் புகழ்கிறான். பொலி அவன் சொல்லைக் கேட்டவாறே அவன் விரல்களை நோக்குகிறாள். அக்குற்றத்திலே பயன்பட்ட கயிற்றின் முடிச்சுகளும் அவ்விரல்கள் ஓயாது போடும் முடிச்சுகளும் அவள் உள்ளத்திலே ஒன்றாகின்றன. கொலைஞன் தன் எதிரிலேயே அமர்ந்திருக்கிறான் என்பதை அவள் உணர்ந்துகொள்கிறாள். முடிச்சுப் போடும் பழக்கத்தை விட்டுவிடுவது அவனுக்கு நல்லது என்று நயமாகச் சொல்லியும் விடுகிறாள். அதன்பின் மூலையிலே கிழவன் இல்லை.

ஒருவனுடைய பழக்கத்தைக் கொண்டே அவன் செய்த குற்றத்தை அறிதல் என்னும் நுட்பம், நெடுநாள் பொறுமையோடு கேட்டிருந்த ஒரு பெண்ணுக்கு அங்கே கைவந்தது. ஓர்ட்ஸி சீமாட்டி இத்துடன் நின்றாரல்லர். 1910இலேயே ஸ்கொட்லாந்து யார்டைச் சேர்ந்த மொலி சீமாட்டி என்னும் பெண் துப்பறிவாளரைத் தலைவியாக்கி மற்றுமொரு தொகுதியையும் வெளியிட்டார். மெய்யான ஸ்கொட்லாந்து யார்டிலே பெண்களுக்கு அத்தகைய பதவி இல்லாத காலம் அது. நாட்டிலே இல்லாத பதவியைக் கற்பனை முதலில் வழங்கியது.

எத்தகையவன் என்னும் வினா

கைரேகையும் இரத்தக்கறையும் 'யார் செய்தது?' என்னும் வினாவுக்கு விடை தேடுவன. அதற்கு முன்னரே 'இதைச் செய்தவன் எத்தகையவனாக இருத்தல் வேண்டும்?' என்று வினவும் முறையொன்று உண்டு. குற்றம் நிகழ்ந்த இடம், காலம், முறை, இரையானவரின் வாழ்க்கை ஆகியவற்றை நுணுகி ஆராய்ந்து, குற்றவாளியின் குணச்சித்திரத்தை வரைவது இம்முறை. இதனைத் தொழிலாகக் கொண்டவரைக் குணச்சித்திர ஆய்வாளர் எனலாம்.

இத்துறையிலே அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது நியூயோர்க் நகரத்து வெடிகுண்டு வழக்கு. 1940 முதல் 1956 வரை ஒருவன் திரையரங்குகளிலும் நிலையங்களிலும் குண்டுகளை ஒளித்துவைத்து நகரத்தைக் கலக்கினான். ஜேம்ஸ் பிரஸ்ஸல் என்னும் உளநோய் மருத்துவர் 1956இல் அவனது குணச்சித்திரத்தை வரைந்தளித்தார். 1957 ஜனவரியில் ஜோர்ஜ் மெட்டெஸ்கி பிடிபட்டபொழுது, மருத்துவரின் புகழ் நாடெங்கும் பரவியது. ஆயினும் அவனைக் காட்டிக்கொடுத்த கோப்பைக் கண்டெடுத்தவர், அவன் முன்னாளில் வேலை பார்த்த மின்சார நிறுவனத்தின் பெண் எழுதுவினைஞர் அலிஸ் கெலி. 1931இல் வேலைத்தலத்திலே காயமுற்று, நட்ட ஈடு மறுக்கப்பட்ட தொழிலாளி அவன். அவனுடைய பழைய முறைப்பாட்டுக் கடிதங்களிலே காணப்பட்ட சொற்றொடர்கள், குண்டு வைத்தவன் எழுதிய கடிதங்களின் சொற்றொடர்களோடு பொருந்துவதை அப்பெண்மணி கண்டார். மருத்துவர் பெயர் நூல்களில் நிலைத்தது. எழுதுவினைஞரின் பெயரை அறிந்தோர் சிலரே.

1970களிலே பொஸ்டன் நகரில் தாதியியல் பேராசிரியையான ஆன் பேர்ஜஸ், லிண்டா ஹோம்ஸ்ட்ரொம் என்னும் சமூகவியலாளரோடு சேர்ந்து, பாலியல் வன்முறைக்கு ஆளாகி மருத்துவமனைக்கு வந்த 146 பேரிடம் நேரிற் கேட்டறிந்து ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியின் சிறப்பைக் கண்டே அமெரிக்க மத்திய புலனாய்வுத் துறையினர் அவரைத் தம் உதவிக்கு அழைத்தனர். சிறைப்பட்ட 36 கொலைஞரிடம் அத்துறையினர் நடத்திய விசாரணைகளை ஒழுங்குபட்ட ஆராய்ச்சியாக்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. துன்புற்றவரின் சொல்லைக் கேட்டதே அவருடைய முதற் பயிற்சி என்பதை நாம் மறத்தலாகாது. கொலைஞனின் உள்ளத்துக்குச் செல்லும் வழி, இரையானவரின் வாழ்க்கையினூடே சென்றது.

இதன் பின்னரே பெண் ஆய்வாளர் நாவல்கள் பெருகின. தோமஸ் ஹாரிஸ் 1988இல் படைத்த கிளாரிஸ் ஸ்டார்லிங் பயிற்சி பெறும் மாணவியே. எனினும் அவளை உலகம் மறக்கவில்லை. அலன் ஜேக்கப்ஸன் 2008இல் தொடங்கிய கரன் வெய்ல் வரிசையிலே தலைவி குணச்சித்திர ஆய்வையே முழுத் தொழிலாகக் கொண்டவள். இவ்வகை நாவல்களின் அமைப்பு நாளடைவிலே பழகிப்போன ஒன்றாயிற்று. ஒரு சடலம், பின் இன்னொன்று, ஆடவர் அதிகாரிகளின் அலட்சியம், நள்ளிரவிலே கோப்புகளோடு தனித்திருக்கும் தலைவி, இறுதியிலே கொலைஞன் அவளையே தேடி வருதல். மலிவானவற்றில் கொலைஞன் காவியத் தலைவனாகிவிடுகிறான். இறந்தவள் வெறும் சடலமாகவே எஞ்சுகிறாள். நல்லனவற்றிலோ தலைவி முதலில் இறந்தவளின் அலுமாரியைத் திறக்கிறாள். அவள் யாருக்குக் கடிதம் எழுதினாள், எதற்கு அஞ்சினாள், கடைசி நாளில் எவ்வழியே வீடு திரும்பினாள் என்று வினவுகிறாள். நூலின் தரத்தை அளப்பதற்கு இதைவிட எளிய அளவுகோல் வேறில்லை.

தமிழ்த் துப்பறியும் கதையிலே பெண்

தமிழிலே இக்கதைமரபு நூறாண்டைக் கடந்தது. ஜே. ஆர். ரங்கராஜு படைத்த துப்பறியும் கோவிந்தனும், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரும் ஒரு தலைமுறையை உறங்கவிடாது படிக்கச் செய்தனர். வை. மு. கோதைநாயகி அம்மையார் 'ஜகன்மோகினி' இதழை நடத்தியவாறே நாவல்களை எழுதிக் குவித்து, மர்மக் கதையிலும் கைவைத்தார். பின்னர் தமிழ்வாணனின் சங்கர்லாலும், சுஜாதாவின் கணேஷ், வசந்த் இரட்டையரும் வந்தனர். 

பெண்கள் இவ்வுலகிலே இல்லாமலில்லை. ராஜேஷ்குமாரின் விவேக்குக்கு ரூபலா உண்டு. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்துக்குச் சுசீலா உண்டு. சுபாவின் நரேந்திரனுக்கு வைஜயந்தி உண்டு. இவர்கள் அறிவிலும் துணிவிலும் குறைந்தவரல்லர். ஆயினும் வழக்கு வரும்பொழுது வாசகர் கண் முதலிலே ஆடவனையே நாடுகிறது. அகதா கிறிஸ்டி 1930இலேயே மார்ப்பிள் என்னும் கிராமத்து முதியவளுக்கு ஒரு நாவலின் தலைமையை வழங்கினார். முதிய பெண்டிரின் கண்கூர்மைக்குத் தமிழ் ஊர்களிலே பஞ்சமில்லை. எனினும் அக்கண்ணுக்கு வரிசை நாவலின் தலைமையை வழங்குவதிலே நம் எழுத்தாளர் தயங்கியே வந்துள்ளனர்.

குணச்சித்திரம் பழியாகும்பொழுது

இக்கலையை அளவிறந்து போற்றுதலும் ஆபத்து. 1992இல் இலண்டன் விம்பிள்டன் வெளியிலே இளந்தாய் ஒருத்தி தன் குழந்தையின் கண்முன்னே கொல்லப்பட்டாள். உளவியலாளர் ஒருவர் வரைந்த குணச்சித்திரத்துக்குப் பொருந்துகிறான் என்று ஒருவனைச் சந்தேகித்த பொலிஸார், பெண் அதிகாரி ஒருத்தியை அன்பு காட்டிப் பழகச் செய்து, அவனிடம் குற்ற ஒப்புதலைப் பெற முயன்றனர். 1994இல் நீதிபதி அச்சூழ்ச்சியைக் கடிந்து, அச்சான்றை ஏற்க மறுத்தார், வழக்கு முறிந்தது. மெய்யான குற்றவாளி வேறொருவன் என்பது 2008இலே நிலைநாட்டப்பட்டது. பொலிஸார் தவறான மனிதனைத் தொடர்ந்துகொண்டிருந்த காலத்திலே, 1993இல், அம்மெய்க் குற்றவாளி வேறொரு பெண்ணையும் அவளுடைய சிறுமகளையும் கொன்றிருந்தான். குணச்சித்திரம் பொருந்திவிட்டது என்னும் களிப்பு, இரண்டு உயிர்களை விலையாகக் கொண்டது.

ஒருவனைப் பற்றிய தவறே இத்துணைக் கேடு விளைக்குமாயின், ஒரு கூட்டத்தாரைப் பற்றிய தவறு என்ன செய்யாது? 1871இல் பிரித்தானிய அரசு இந்தியாவிலே இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், சில குலங்களிற் பிறந்தோரைப் பிறப்பினாலேயே குற்றவாளிகள் எனக் கருதியது. சென்னை மாகாணத்துக்கும் அது 1911இல் வந்து, தமிழ்நாட்டுக் குலங்கள் சிலவற்றைக் கைரேகைப் பதிவேட்டிலே கட்டிவைத்தது. தனியொருவனுடைய முடிச்சைக் காணாது, ஒரு சாதியாரின் கைகள் அனைத்தையும் சந்தேகிக்கும் குணச்சித்திரம் அது.

மலையகத்தாருக்கு இக்கதை அயலதன்று. தோட்டம் விட்டுத் தோட்டம் செல்லும் தொழிலாளியின் கடன்தொகையைப் பொறித்த 'துண்டு' என்னும் தாள், 1921இல் அம்முறை ஒழிக்கப்படும்வரை, அவனை இன்னாரென உலகுக்கு அறிவித்தது. அவன் பெயரைவிட அவன் பட்ட கடனே அதிலே பெரிதாக நின்றது. பின்னர் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இம்மண்ணிலே பிறந்து வளர்ந்த இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது. அக்குறை சட்டத்தளவிலே தீர்வதற்கு 2003ஆம் ஆண்டின் குடியுரிமை வழங்கும் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. தன்னைப் பற்றிப் பிறர் எழுதிவைத்த தாளினாலேயே அளக்கப்பட்ட சமூகம், குணச்சித்திரம் என்னும் சொல்லைச் சற்று அச்சத்தோடு கேட்பது இயல்பே.

புடவை மூட்டையும் பாட்டும்

நடேசய்யரிடம் இனி மீள்வோம். தோட்டங்களுக்குள்ளே வெளியார் நுழைவது தடுக்கப்பட்டிருந்த காலம் அது. தொழிலாளரின் நிலையை நேரிற் காண விழைந்த அவர், புடவை வியாபாரியாக வேடம் பூண்டு லயங்களுக்குச் சென்றார் என்பது மலையக வரலாற்றிலே நன்கு பதிந்த செய்தி. புடவை மூட்டை அவிழ்க்கப்படும் இடத்திலே பெண்கள் கூடுவர், பேச்சு எழும், பேச்சினூடே சம்பளக் கணக்கும் கடனும் அடியும் உதையும் வெளிப்படும். கேட்டறிந்தவற்றை அவர் பத்திரிகையிலும் சபையிலும் எடுத்துரைத்தார். இதனைத் துப்பறிதல் என்னாது வேறென்ன சொல்வது?

அவர் துணைவியார் மீனாட்சி அம்மையாரோ மறைந்திருந்து கேட்பதோடு அமையவில்லை. பத்திரிகைப் பணியிலே பங்குகொண்டார். தோட்டக் கூட்டங்களிலே பாடினார். தொழிலாளர் துயரைப் பாடும் பாடல்களை 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் பெயரில் 1940இல் நூலாகவும் வெளியிட்டார். தாம் கேட்ட துயரத்தை அவர்களுடைய மொழியிலேயே அவர்களுக்குத் திருப்பிச் சொன்ன பெண் அவர்.

குணச்சித்திர ஆய்வாளரான பெண்ணொருத்தியைத் தலைவியாகக் கொண்டு, நுவரெலியா, அட்டன் மலைகளிலே நிகழும் வரிசை நாவல் ஒன்று எழுதப்படுமாயின், அவளுடைய முன்னோர் இவர்களே. அமெரிக்க நாவலின் சட்டையை அப்படியே வாங்கி அவளுக்கு மாட்ட வேண்டுவதில்லை. அவளுக்கு வேண்டிய சான்றுகள் தோட்டத்திலேயே கிடக்கின்றன. பிரட்டுக் களத்திலே காலையில் யார் பெயர் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பதைச் செக்ரோல் சொல்லும். கொழுந்து நிறுத்த கணக்கு, ஒருத்தி எந்த வேளைவரை மலையிலே உயிரோடு நின்றாள் என்பதைக் காட்டும். பிள்ளைக் காம்பராவிலே குழந்தையை விட்டுச் சென்றவள் மாலையில் ஏன் வரவில்லை என்பதை ஆயா அறிவாள். பீலிக்கரையிலே நேற்றுவரை பேசிய இருவர் இன்று ஏன் முகம் திருப்பினர் என்பதை எல்லோரும் அறிவர்.

ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி அளவான காம்பராக்கள் ஒரே சுவரைப் பகிர்ந்து நிற்கும் லயத்திலே, ஒரு வீட்டின் அழுகை அடுத்த வீட்டிலே கேளாதிருக்க வழியில்லை. ஆதலின் அங்கே துப்பறிவாளருக்கு உள்ள இடர்ப்பாடு அறியாமையன்று, மௌனமே. எல்லோரும் கேட்டிருப்பர், எவரும் சொல்லார். கணவனின் கோபம், கங்காணியின் பகை, வேலை போய்விடும் என்னும் அச்சம், ஊர்ப்பழி இவையாவும் வாயைக் கட்டும். எவர் எதற்காக மௌனம் காக்கிறார் என்பதைப் பிரித்தறிவதே நம் தலைவியின் குணச்சித்திரக் கலையாகும்.

அதனினும் பெரிய தடையொன்று பொலிஸ் நிலையத்திலே காத்திருக்கும். இலங்கைப் பொலிஸ் சேவையிலே 1952 முதல் பெண்கள் உள்ளனர். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆயினும் தமிழ் மட்டுமே அறிந்த பெண்ணின் வாக்குமூலம் சிங்களத்திலே எழுதப்பட்டு, தான் படிக்கவியலாத தாளிலே அவள் கையொப்பம் இட நேர்வது மலையகத்தார் நெடுங்காலமாக எடுத்துரைத்து வரும் குறை. அவள் 'தள்ளினான்' என்றது அங்கே எச்சொல்லாயிற்று? 'அன்றைக்கும்' என்று அவள் அழுத்திச் சொன்ன உம்மை எங்கே போயிற்று? அந்த ஓர் உம்மையிலே, முன்னரும் பலமுறை நிகழ்ந்த கொடுமை அடங்கியிருக்கும். முடிச்சு கையெழுத்திலே இல்லை. விடுபட்ட சொல்லிலே இருக்கிறது. மூலத்தைக் கேட்கும் செவியுடைய ஒருத்திக்கே அது புலப்படும்.

வீட்டு வேலைக்கென்று தோட்டத்திலிருந்து நகரத்துக்கு அனுப்பப்பட்ட சிறுமியர் சடலங்களாகத் திரும்பிய செய்திகளை நாம் பத்திரிகைகளிலே படித்திருக்கிறோம். சில நாள் பரபரப்பு, ஓர் ஆர்ப்பாட்டம், பின்னர் வேறு செய்தி. இறந்த பிள்ளை எதை விரும்பி உண்டாள், எந்தப் பாடத்திலே கெட்டிக்காரி, கடைசியாகத் தாயோடு தொலைபேசியிற் பேசியபொழுது குரல் எவ்வாறிருந்தது என்பனவற்றை எவரும் எழுதுவதில்லை. நாவலாசிரியர் நீதிபதியல்லர்; தீர்ப்பளிக்க அவரால் ஆகாது. எனினும் இறந்தவளை மீண்டும் ஒரு முழுப் பெண்ணாக நம் கண்முன் நிறுத்துதல் அவரால் ஆகும். அவ்வாறு நிறுத்தப்பட்டவளை அடுத்த நாட் செய்தியோடு மறந்துவிடுவது வாசகருக்கு எளிதன்று.

மலையக நாவல் சம்பளத்தையும் சங்கத்தையும் குடியுரிமையையும் பாடியதிலே பெருமை உண்டு. அவை பாடப்படவே வேண்டியவை. அவற்றின் ஓரத்திலே, மூடிய காம்பராக் கதவுக்குப் பின்னே நிகழும் குற்றமும் எழுத்தை எதிர்பார்த்து நிற்கிறது. அதனை எழுதுவதற்குத் துப்பறியும் கதையைவிடத் தகுந்த கருவி அரிது. ஏனெனில் 'என்ன நடந்தது?' என்று விடாது கேட்பதே அக்கதையின் உயிர்.

நடேசய்யர் தம் தலைப்பிலே மூலையில் குந்தியவனை முன்னிறுத்தினார். நூறாண்டுக்குப் பின் எழுத வருவோர், அவனுக்கு எதிரே அமர்ந்து கேட்டிருப்பவளை முன்னிறுத்துவாராக. அவள் அட்டனிலே பேருந்தை விட்டிறங்கி, லயத்துக்குச் செல்லும் மண்பாதையிலே ஏறட்டும். முதல் வீட்டுப் படியிலே அமர்ந்து, சந்தேகத்துக்குரியவன் யார் என்று வினவும் முன்னர், இறந்தவளின் பெயரைக் கேட்கட்டும்.